கூப்பிடும்வரை நின்றதற்கு அபராதம்

அரூர் பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறக்கத் தொடங்கிவிடும். வண்டியோடு கூடவே ஓடிக்கொண்டு ஒருவர் துண்டை எறிவார், இன்னொருவர் பையை எறிவார். ஒரு பெண் இடுப்பில் இருக்கும் பிள்ளையையே தூக்கி, உள்ளே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர் மடியில் கொடுத்துவிடுவாள். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருக்கு. அதில் யாரும் வழக்குப் பேசுவதில்லை. எல்லோரும் ஏறி முடித்த பிறகு நானும் என் மனைவி மரியாயியும் ஏறுவோம். இந்தியாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அரூரிலிருந்து உட்கார்ந்து வந்ததில்லை. எங்களை மரியாதைக்காரர்கள் என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். சாமர்த்தியம் போதாதவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை என்னவென்றால், கூப்பிட்டால் போவது என்று பழகிவிட்டோம். பஸ்ஸில் அந்தப் பழக்கத்தின் விலை கால்வலியோடு தீர்ந்துவிடும். வங்கியில் அப்படித் தீரவில்லை. இலங்கை மலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கும் நம் ஆட்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்து தெரியாத ஊர்களில் கடை வைத்துப் பிழைப்பவர்களுக்கும் அதைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

நான் பிறந்தது இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். என் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். தாத்தா மட்டும் இங்கிருந்து போனவர். என் காகிதங்களில் அவருடைய ஊர் சேலம் ஜில்லா, அரூர் தாலுக்கா என்றிருந்தது. கப்பல் இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து வந்து பார்த்தபோது அது தர்மபுரி ஜில்லா ஆகியிருந்தது. ஊருக்குள் போய்த் தாத்தாவின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் கப்பலேறிப் போன ஒருவரைப் பற்றித் தெரியவில்லை. இலங்கையில் எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே வந்த அன்றே நான் சிலோன்காரர் ஆகிவிட்டேன். பெயர் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவள் மரியாயியின் தாய் ஒருத்திதான்; அவளும் அங்கேயே தங்கிவிட்டாள். நாங்கள் வந்த மறுவருடம் அங்கே பெரிய கலவரம் வந்தது. பிறகு கடிதமும் குறைந்துபோனது.

அரூரிலிருந்து மொரப்பூர் போகும் சாலையில் ஒரு டீக்கடை வைத்தோம். தேயிலைக்குள் பிறந்து வளர்ந்தவனுக்கு டீக்கடை பொருத்தம் என்று முகாமில் ஓர் அதிகாரி சொன்னார். தோட்டத்தில் நாங்கள் குடித்தது பால் இல்லாத சாயத்தண்ணீர். உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம். இங்கே ஒருவர் முதல் நாள் என் டீயை வாயில் வைத்துவிட்டு, “ஏங்க, கழனித்தண்ணிய சூடு பண்ணிக் குடுத்தீங்களா?” என்று கேட்டார். அப்படித்தான் பாலைக் கொதிக்கக் கொதிக்க விடக் கற்றுக்கொண்டேன். கடை மெல்லக் காலூன்றியது. சரக்கு வாங்கிப்போட வங்கியில் ஓ.டி. கணக்கு ஒன்று கொடுப்பதாகச் சொன்னார்கள். ஓவர்டிராப்ட் என்று அதற்கு முழுப்பெயர். நம் பணம் தீர்ந்த பிறகும் ஒரு வரம்பு வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைக் கட்டி, கணக்கு வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் நிலம் உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு யார் போடுவார்கள்? கேட்க வாய் வராமல் சில வாரம் கடத்தினேன். கடைசியில் மரியாயிதான் சவுரியப்பனிடம் சொன்னாள். கடைக்குப் பின்னால் மழையை நம்பிக் கடலை போடும் மேட்டுக்காடு அவருடையது. காலையில் கலப்பையோடு போகும்போது ஒரு டீ, திரும்பும்போது ஒரு டீ. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் எங்களுக்கு முன்வரிசையில் முழங்காலிடுவார். அவர் யோசிக்கக்கூட இல்லை. “கையெழுத்துதானுங்க? போட்டா கை தேஞ்சா போயிரும்? வாங்க போலாம்” என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த நாட்டில் எனக்காக ஒருவர் தன் பெயரை எழுதிய முதல் தடவை அது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரும் எங்களோடு நின்றுகொண்டே வந்தார். துண்டு போட மறந்துவிட்டாராம்.

போன பங்குனி மாதம், வட்டி கட்டவேண்டிய கடைசி நாள், பணத்தை மடியில் முடிந்துகொண்டு அரூர் போனேன். மறுநாளிலிருந்து வங்கிக்குத் தொடர்ந்து விடுமுறை. கூட்டம் வாசல்வரை நின்றது. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பியூன் என்னைப் பார்த்து, “இருங்க, கூப்புடுவாங்க” என்றார். நான் ஓரமாக வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். இந்த ஊர்க்காரர்கள் அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொள்வதேயில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பியூன் அதை எல்லோருக்கும் சொல்கிறார். எல்லோரும் அவரைத் தாண்டி உள்ளே போய், கவுண்டருக்குள் கையை நீட்டி, “சார், சார், எனக்குப் பஸ்சு போயிரும் சார்” என்கிறார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போய்த் திரும்பி வந்தார்கள். அவர்களை முன்பே வரச் சொல்லி வைத்திருப்பார்கள், நம் பெயர் இனி வரும் என்று நினைத்தேன்.

தோட்டத்தில் சம்பள நாள் என்றால் ஆபீஸ் முற்றத்தில்தான் நிற்போம். உள்ளே போகக் கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. உள்ளிருந்து கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர் பெயர் வாசிப்பார். பெயர் வந்தால் ஜன்னலடிக்குப் போகலாம். எனக்குப் பத்து வயதிருக்கும், தம்பிக்குக் கடுமையான காய்ச்சல். டவுனில் டாக்டரிடம் கொண்டுபோகப் பணம் வேண்டுமென்று அப்பா தன் பெயர் வருவதற்கு முன்பே ஜன்னலுக்குப் போய்விட்டார். கிளாக்கர் கத்தவில்லை. “உன்னை யார் கூப்பிட்டது?” என்று மட்டும் கேட்டார். பிறகு அப்பாவின் பெயரைத் தாண்டி அடுத்த பெயரை வாசித்தார். எல்லோரும் வாங்கிப் போன பிறகும் முற்றத்தில் அப்பா மட்டும் நின்றார். இருட்டுகிற நேரத்தில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். தம்பிக்குக் காய்ச்சல் தானாகவே இறங்கியது. அப்பாவுக்குத்தான் அதற்குப் பிறகு அந்த ஜன்னல் பக்கம் பார்க்கும் துணிவே வரவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற எங்களுக்கும் வரவில்லை.

இரண்டு மணிக்கு வங்கியின் இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டார்கள். பியூன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். போகும்போது என்னைப் பார்த்து, “யாருக்குங்க நிக்கறீங்க, இன்னும் வரலயா?” என்று கேட்டார். நான் யாரையோ எதிர்பார்த்து நிற்கிறேன் என்று நினைத்திருக்கிறார். பணம் கட்ட வந்தேன் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிவிட்டது. மடியில் முடிச்சு அப்படியே இருந்தது. விடுமுறை முடிந்து திறந்த அன்று, முண்டியடித்து உள்ளே போன ஒருவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு நானும் போய் முழு வட்டியையும் கட்டிவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. தவணை தவறியதற்கு அபராதம் போட்டார்கள். அபராதத்தைக் கணக்கில் எழுதியதால் கணக்கு வரம்பைத் தாண்டியது. வரம்பைத் தாண்டியதற்கு ஒரு கட்டணம். அதை எழுதியதால் இன்னும் தாண்டியது. அதற்கு ஒரு கட்டணம். எனக்கு அனுப்பிய ரிஜிஸ்டர் தபாலின் செலவும் என் கணக்கில்தான். இவை எதுவும் நான் எடுத்த பணம் இல்லை. பாஸ்புக்கில் இங்கிலீசில் எழுதியிருந்ததை நான் பார்க்காமல் இல்லை. பிடித்தம் என்று தெரிந்தது. தோட்டத்தில் அரிசிக்குப் பிடிப்பார்கள், சவரத்துக்குப் பிடிப்பார்கள், திருவிழாவுக்குப் பிடிப்பார்கள். பிடித்தம் இல்லாத காசை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை. அதைப் போய் ஏன் என்று கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஆனி மாதம் ஒரு காலையில் கடை நிறைய ஆள் இருக்கும்போது சவுரியப்பன் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெஞ்சில் இருந்த ஒருவர், “இன்னாண்ணே, சிலோன்ல இருந்து கடுதாசியா?” என்று சிரித்தார். சவுரியப்பன் சிரிக்கவில்லை.

“ஏஞ் சிலோங்காரரே, பேங்குல எம்பேரு நாறிக்கெடக்குது, நீங்க இங்க டீ ஆத்திக்கினு இருக்கீங்க? வெதக்கடலைக் கடனுக்குப் போனா, நீ ஜாமீன் போட்ட ஆளு கணக்கு கெட்டுப்போச்சு, அது நேராவாம உனக்குக் கெடையாதுங்கறான்.”

“கட்டிட்டனே அண்ணே. முழுசும் கட்டினேன்.”

“கட்டுனவருக்கு எதுக்குங்க நோட்டீசு வருது? மழை ரெண்டு ஒழவு பேஞ்சிருச்சி. ஆடி பொறந்தா வெத போடணும். நான் காட்டுக்கு எதைக் கொண்டு போறது, இந்த டீ கிளாசையா?”

கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். அவர் வங்கிக்குள் நுழைந்த விதத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பியூன் வாயைத் திறப்பதற்கு முன்பே, “ஏய், நகருப்பா” என்று மேனேஜர் அறைக்குள் போய்விட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். “உள்ள வந்து தொலைங்களேன். உங்க கணக்குக்கு நானா பேசறது?” என்று திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். எங்களை உட்காரச் சொன்னார். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்லச் சொன்னார். முன்னும் பின்னும் மாற்றிச் சொன்னேன். அது அவருக்குப் புரியவில்லை.

“பணம் கையில இருந்துச்சா?”

“இருந்திச்சுங்க.”

“பேங்குக்கும் வந்தீங்களா?”

“வந்தனுங்க.”

“அப்ப ஏன் கட்டலை?”

“கூப்பிடலீங்களே.”

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று ஒரு கணம் நினைத்திருப்பார். பிறகு பியூனைக் கூப்பிட்டார். பியூன் நல்ல மனிதர், மறைக்கவில்லை. “ஆமாங்க சார், அந்த மரத்தடில கால் மாத்தி மாத்தி நின்னாரு. நான் ஊட்டுக்காரம்மா உள்ள இருக்குதோன்னு நெனச்சன்” என்றார். சவுரியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். “உள்ள வர்றதுக்கு உங்களுக்கு வெத்தல பாக்கு வெக்கணுமாங்க?”

மேனேஜர் என் பாஸ்புக்கை வாங்கிப் புரட்டினார். இந்தக் கட்டணங்களைப் போட்டது நியாயமில்லை, ஆனால் போட்டதை எடுக்கும் அதிகாரம் தனக்கில்லை, சேலத்தில் இருக்கும் மேலலுவலகம்தான் எடுக்க வேண்டும் என்றார். உள்ளது உள்ளபடி மனு எழுதிக் கொடுங்கள், நான் சிபாரிசு பண்ணுகிறேன் என்றார். “அதுவரைக்கும் இந்தத் தொகையைக் கட்டாதீங்க. கட்டிட்டா நீங்களே ஒத்துக்கிட்டதா ஆயிடும். அப்புறம் திருப்பிக் கேட்க முடியாது.” அது நல்லெண்ணத்தில் சொன்னதுதான். எங்களுக்காக ஓர் அதிகாரி இப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. சவுரியப்பனும், “சார் சொல்றது ஞாயமாத்தான் இருக்குது” என்று சமாதானமானார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் எழுத்து எனக்குப் பேச்சைவிடச் சுலபம். எழுதும்போது எதிரில் யாரும் நிற்பதில்லை. அன்று வந்தது, பணம் மடியில் இருந்தது, பியூன் சொன்னது, நான் நின்றது, கதவு மூடியது, எல்லாவற்றையும் எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, “ஒரு வார்த்தை மாத்த வேணாம்” என்றார். அதற்கு மேல் அவர் இங்கிலீசில் ஒரு தாள் சேர்த்து அனுப்பினார்.

பிறகு காத்திருந்தோம். ஆடி பிறந்தது. இந்த வருடம் மழை குறித்த நாளில் வந்தது. இந்த ஜில்லாவில் அது எப்போதும் நடப்பதில்லை. கடைக்குப் பின்னால் சவுரியப்பனின் காடு உழுது, ஈரத்தோடு, வெறுமனே கிடந்தது. இரண்டு பக்கத்துக் காட்டுக்காரர்களும் விதைத்துவிட்டார்கள். அவர் காலையில் வந்து காட்டைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். “சேலத்துக்காரன் ஒண்ணும் சொல்லலயா?” என்பார். “இல்லீங்க அண்ணே” என்பேன். பணத்தை எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுவோம் என்று மரியாயி சொன்னாள். கட்டினால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நான் மேனேஜர் சொன்னதையே சொன்னேன். நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதை விட மனம் வருவதில்லை. ஈரம் மேலிருந்து காயத் தொடங்கியது.

பதில் வந்தபோது ஆடி பாதி கழிந்திருந்தது. மேனேஜர் எங்களை அழைத்து, இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் சொன்னார். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மழை பொய்த்து, கையில் பணமில்லாமல் தவணை தவறியவர்களுக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்ய வழி உண்டு. ஆனால் மனுதாரர் தன்னிடம் பணம் இருந்ததாகவும், குறித்த நாளில் வங்கிக்கே வந்ததாகவும் தன் கைப்படவே எழுதியிருக்கிறார். பணம் இருந்தும் கட்டாமல் திரும்பியது வேண்டுமென்றே செய்த தவறு. ஆகவே தள்ளுபடி இல்லை.

சவுரியப்பன்தான் முதலில் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

“பணமில்லைனு ஒரு பொய்யி சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல, சிலோங்காரரே? எங்க ஊர்ல சின்னப் பையன் சொல்லுவான்.”

“மறுபடி ஒரு மனு போடலாம்” என்றார் மேனேஜர் மெதுவாக.

“போடுங்க சார். கடலை அதுவரைக்கும் மூட்டைக்குள்ளயே மொளைச்சுக்கும்” என்று சவுரியப்பன் எழுந்து போனார்.

மறுவாரம் நாங்கள் கப்பலில் கொண்டு வந்த தையல் மெஷினை விற்றேன். மண்டபத்தில் சுங்கக்காரர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது மரியாயி அதன் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றவள். கொடுக்கும்போது ஊசியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாள். எல்லாக் கட்டணத்தையும் கட்டினேன். கணக்கு நேரானது. ஆனால் விதைக்கடனுக்கான காலம் முடிந்துவிட்டது, இனி அடுத்த பட்டத்துக்குத்தான் என்றார்கள். சவுரியப்பன் அரூர் மண்டிக்காரர் ஒருவரிடம் விதைக்கடலை வாங்கினார். விளைந்தது முழுவதையும் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போடுவதாகப் பேச்சு. பக்கத்துக் காடுகளில் செடி பூக்கத் தொடங்கியபோது இவர் காட்டில் முளை எட்டிப் பார்த்தது.

என்னை அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முன்பெல்லாம் டீ குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அறுவடைக்குப் பிறகு ஒரு கூடைக் கடலையைக் கொண்டுவந்து கொட்டுவார், அதுதான் கணக்கு. இப்போது குடித்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் காசை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டுப் போகிறார்.

போன வாரம் அவர் காட்டில் களையெடுப்பு. நாங்கள் இருவரும் கடையை அடைத்துவிட்டு யாரும் சொல்லாமலே போய் இறங்கினோம். வேறு எதைக் கொண்டு ஈடு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. களையெடுக்கும் பெண்கள் மரியாயியைப் பார்த்துச் சிரித்தார்கள். கொழுந்து பறித்துப் பழகிய கை, இரண்டு கையாலும் வெடுக்கு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போகிறாள். “ஏ மரியாயி, தேயிலைனு நெனச்சிக்கினு செடியவும் சேத்துப் புடுங்கிப்புடாத. அப்பறம் அதுக்கும் பேங்குல அவராதம் போட்ருவான்” என்றாள் ஒருத்தி. மரியாயியும் சிரித்தாள். எனக்குக் குனிந்த தலை நிமிரவில்லை. சவுரியப்பன் எங்களைப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்து வேலை முடிந்ததும் பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். அவர் பணப்பையை அவிழ்த்துக் கூலி கொடுக்கத் தொடங்கினார். அந்தப் பக்கம் கிணற்றடியில் அவருடைய மனைவி களிச்சட்டியை இறக்கி வைத்து, வீட்டு ஆட்களுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் நின்றோம். கூலி கொடுத்துக்கொண்டே சவுரியப்பன் எங்கள் பக்கம் திரும்பினார்.

“நீங்க எந்தப் பக்கம்ங்க? இப்பிடி வரப்புக்கு வர்றீங்களா, அப்பிடி வூட்டாளுங்களோட உக்கார்றீங்களா?”

அவர் குரலில் பழைய கேலி இருந்ததா, புதிய கசப்பு இருந்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்த ஊர்ப் பேச்சு எனக்கு இன்னும் அந்த அளவுக்கு வசப்படவில்லை. கூலியை வாங்கினால், நான் வெளியாள் என்று நானே ஒத்துக்கொண்டதாகும். சோற்றுக்கு உட்கார்ந்தால், அவருக்கு நேர்ந்த நஷ்டத்தை மறந்துவிட்டு உறவு கொண்டாடியதாகும். மரியாயி என் முகத்தைப் பார்த்தாள். கடைசிப் பெண்ணும் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். கிணற்றடியில் கை கழுவும் சத்தம் கேட்டது. அவர் பணப்பையின் வாயை மூடாமல் கையில் வைத்திருந்தார். அந்தப் பக்கம் அவர் மனைவி இன்னும் இரண்டு தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வரப்புக்கும் கிணற்றுக்கும் நடுவில், தாமதமாக முளைத்த அந்தச் செடிகள் எதையும் மிதித்துவிடாதபடி காலை ஒடுக்கிக்கொண்டு நின்றேன்.